பதினொன்றாம் கேள்வி

கனகசுந்தரம் பிள்ளைகளின் மனத்தைப் படித்தவர். அந்தப் படிப்போடு தோட்டத்துக்குள் காலடி வைத்த முதல் நாளே நாற்பது பிள்ளைகளை ஒன்றாக அழவைத்தார். அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. காரின் கைப்பிரேக்கை இழுக்க மறந்தார், அவ்வளவுதான்.

அது 1957, புரட்டாதி மாதம். இலங்கையில், நமுனுகுல மலைக்குக் கீழே வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டம். மேட்டில் காரை நிறுத்தி இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, மனநூல் படித்தவனுக்குரிய முகம் ஒன்றை அணிந்துகொண்டு அவர் திரும்பியபோது, கார் அவருக்கு முன்பே புறப்பட்டுவிட்டிருந்தது. சரிவில் பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. அதன் வாசலில் ஆயா சவரியம்மா பத்து மணிப் பாலை இரண்டு பெரிய வாளிகளில் ஆறவைத்திருந்தாள். கார் அவசரமே படாமல் வந்து இரண்டு வாளிகளையும் சாய்த்து, சுவரை முட்டி நின்றது. பால் படியிறங்கி வடிகானுக்குள் போயிற்று.

 நாற்பது தொண்டைகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

சவரியம்மா இடுப்பில் கைவைத்து அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"பிள்ளைங்க மனசப் பாக்க ஒரு டாக்டரு வர்றாருன்னாங்க. நீங்கதானுங்களா?"

"டாக்டர் இல்லை, நான் வந்து..."

"நல்லாப் பாருங்கய்யா. எல்லா மனசும் வெளியதான் கெடக்கு."

அழாத பிள்ளை ஒன்றே ஒன்று. ஏழு வயதிருக்கும். இந்தக் கூட்டத்துக்கு மூத்தவள். அவள் எழுந்து வந்தாள். வேலியோரம் கிடந்த கல்லொன்றை இரண்டு கைகளாலும் தூக்கிவந்து காரின் சில்லுக்கு அடியில் வைத்தாள். கார் இனி அசையாது என்று காலால் ஒருமுறை தட்டி உறுதி செய்துகொண்டாள். அவரை நிமிர்ந்தும் பார்க்காமல் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"அது யார்... அந்தப் பிள்ளை?" என்று கேட்டார் கனகசுந்தரம்.

"அதத்தான் நீங்க பாக்க வந்திருக்கீங்க. கருப்பம்மா."

* * *

அவர் இந்த உத்தியோகத்துக்கு வந்த கதையும் ஏறக்குறைய கைப்பிரேக் இல்லாத கதைதான். பதுளையில் கணக்கு வாத்தியாராக இருந்தார். சிறுவர் மனநூல் படிக்க லண்டனுக்கு ஓராளை அனுப்பப் போவதாக அரசாங்கம் விளம்பரம் போட்டது. விண்ணப்பித்தவர் அவர் ஒருவர் மட்டும் என்பதால் போட்டி கடுமையாக இருக்கவில்லை. இரண்டு வருஷம் குளிரில் நடுங்கிவிட்டுத் திரும்பியபோது அவரை எங்கே வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. பதுளையில் ஏற்கெனவே வீடு இருக்கிறதே என்று பதுளையிலேயே வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு கதிரை, பழைய பைல்கள் அடுக்கிய அறையொன்று. யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயார் கேட்டவர்களுக்கெல்லாம், "என்ரை மகன் பிள்ளையளுக்கு விசர் பாக்கிறவன்" என்று பெருமையாகச் சொல்லிவந்தார்.

விசர் பார்க்க, அதாவது பைத்தியம் தெளிவிக்க, ஒருவரும் வரவில்லை. சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் கனகசுந்தரம் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். சிறு வயதில் வீட்டை விட்டோ தாயை விட்டோ பிரிந்திருந்த பிள்ளைகளின் மனம் எப்படிக் காயப்படுகிறது என்பது அப்போது லண்டனில் எல்லோரும் பேசிய விஷயம். பதினான்கு கேள்விகள் கொண்ட படிவமொன்றைத் தட்டச்சுச் செய்து, அரசாங்க முத்திரை குத்தி, ஊவா மாகாணத்திலுள்ள அறுபது தோட்டங்களுக்கு அனுப்பினார். அப்புத்தளையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் கட்டுக்கட்டாகப் பதில் வந்தது. பதினொன்றாம் கேள்விதான் அவருக்குப் பிள்ளை மாதிரி: "பிள்ளையோ தாயோ எப்போதாவது இவ்வீட்டைவிட்டு வேறிடத்தில் வசித்ததுண்டா? எங்கே? எத்தனை மாதம்?" வந்த ஆயிரத்துச் சொச்சம் படிவங்களிலும் அதற்கு ஒரே பதில்: இல்லை. உலகத்திலேயே பிரிவறியாத பிள்ளைகள் ஊவாவில்தான் இருக்கிறார்கள் என்று அவர் ஒரு வரைபடம் கீறிக் கொழும்புக்கு அறிக்கை அனுப்பினார். வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட நினைத்தார்.

அந்த வேளையில்தான் வெள்ளைக்கல் தோட்டத்து டிஸ்பென்சர் சரவணமுத்துவின் கடிதம் வந்தது. உண்மையான முதல் நோயாளி.

சரவணமுத்துவும் யாழ்ப்பாணத்து ஊர்க்காரர். இருபது வருஷமாகத் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். கார் சுவரில் முட்டிய செய்தி கனகசுந்தரத்துக்கு முன்பே அங்கே போய்விட்டிருந்தது. தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, மேசையில் ஒரு பத்திரத்தை விரித்தார்.

"தம்பி, மெத்தக் கஷ்டப்பட வேண்டாம். இதிலை ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனி மாசத்திலையிருந்து அந்தப் பெட்டை கருப்பம்மா ஒரு சொல்லுப் பேசேல்லை. பள்ளிக்கூடத்திலை பேர் கூப்பிட்டால் 'இருக்கிறன்' எண்டு சொல்லமாட்டாள். வாத்தியார் நாள்தோறும் 'வரவில்லை' எண்டு போட்டுக் கடைசியிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோட்டத்துத் துரை சொல்லிப்போட்டார், மாதம் முடியமுதல் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி."

கனகசுந்தரம் பத்திரத்தைப் படித்தார். கொழும்பிலுள்ள பைத்திய ஆஸ்பத்திரிக்கு, நிரந்தர நோயாளியாக. தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தார்.

"ஏழு வயசுப் பிள்ளையை அங்கையோ? பெரிய ஆக்களோடையோ?"

"அங்கை பிள்ளையளுக்கெண்டு தனியா ஒண்டும் இல்லைத்தான். அதுக்கு நான் என்ன செய்யிறது? நீங்கள்தான் படிச்ச ஆள். சுகப்படுத்துங்கோ. இல்லாட்டிக் கையெழுத்தைப் போடுங்கோ."

மாதம் முடியப் பதினான்கு நாள் இருந்தது.

* * *

முதல் வாரம் முழுவதும் கனகசுந்தரம் பிள்ளைக்காம்பராவின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து தன் வித்தைகள் ஒவ்வொன்றிலும் தோற்றார். வீட்டைக் கீறச் சொன்னார். அவள் நீளமாக ஒரு பெட்டி கீறி, பத்து வாசல் வைத்தாள். அவர் பென்சிலை எடுத்தார். பத்து வாசல். தப்பியோடத் துடிக்கும் உள்ளம். அதை எழுதி அடிக்கோடும் இட்டபோது சவரியம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"லயம் நல்லாத்தான் போட்டிருக்கு புள்ள. அவங்க காம்பரா ஏழாவதுங்க. அதயும் அடையாளம் வச்சிருக்கு பாருங்க."

பத்துக் குடும்பத்துக்கு ஒரே நீளமாய்க் கட்டிய தோட்டத்து வரிசைவீடுதான் லயம். கனகசுந்தரம் அடிக்கோட்டை ரப்பரால் அழித்தார்.

மாலையில் ஏழாவது காம்பராவுக்குப் போனார். தகப்பன் மாடசாமி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவன். தாய் இராக்கம்மா கொழுந்தெடுப்பவள். அவர்களோடு கனகசுந்தரம் வானொலிச் செய்தி மாதிரி ஒரு தமிழில் பேசினார். அவர்கள் அதற்குத் தோட்டத்தில் துரைமாருக்கென்று வைத்திருந்த பதிலைச் சொன்னார்கள்.

"பிள்ளை முன்பு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாளா?"

"ஆமாங்க."

"அல்லது எப்போதுமே பேச்சுக் குறைவா?"

"ஆமாங்க."

"ஆனி மாதத்தில் ஏதாவது நடந்ததா? விழுந்தாளா, பயந்தாளா, யாராவது அடித்தார்களா?"

"ஆமாங்க," என்றான் மாடசாமி. உடனே இராக்கம்மா, "இல்லீங்க," என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து, "ஆமாங்க," என்றார்கள்.

கருப்பம்மா அடுப்படியில் உட்கார்ந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச மறுக்கும் பிள்ளையின் முகமில்லை அது. காவலிருக்கும் பிள்ளையின் முகம்.

எட்டாம் நாள் சுற்றி வளைக்காமல் ஒரு சின்னக் கேள்வி கேட்போம் என்று தீர்மானித்தார்.

"அம்மா, பிள்ளை இரவில் நன்றாகத் தூங்குகிறாளா?"

இராக்கம்மா நிமிர்ந்து நின்றாள். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னாள்.

"பொறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிங்க. தாயும் புள்ளயும் பிரிஞ்சதில்லீங்க. வேற எங்கயும் போயி இருந்ததில்லீங்க. ஒரு நாளும் இல்லீங்க. ஒரு மாசமும் இல்லீங்க. இந்தக் காம்பராவுலயேதாங்க."

கனகசுந்தரத்தின் பென்சில் கையில் நின்றது. இதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் எங்கேயோ கேட்டிருக்கிறார். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பராக்காரி, தன் முறை வந்துவிட்டதென்று நினைத்து, இடுப்புக் குழந்தையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"பொறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிங்க. தாயும் புள்ளயும் பிரிஞ்சதில்லீங்க..."

சொல்லுக்குச் சொல் அதே பாடம். ஒன்பதாம் கேள்வி, பத்தாம் கேள்வி, பதினொன்றாம் கேள்வி. அவர் தட்டச்சுச் செய்த அதே வரிசை.

அவர் மருந்துச்சாலைக்கு ஓடவில்லை. படித்தவர் ஓடக்கூடாது என்று வேகமாக நடந்தார். நடந்ததில் இரண்டு தரம் வழுக்கினார்.

"அண்ணை, ஆனி மாசத்திலை இந்தத் தோட்டத்திலை என்ன நடந்தது? யோசிச்சுச் சொல்லுங்கோ."

சரவணமுத்து மருந்துப் போத்தலைக் குலுக்கியபடி யோசித்தார்.

"ஆனியிலை ஒண்டும் நடக்கேல்லையே. உங்கட படிவம் வந்தது, அவ்வளவுதான். விடியப் பெரட்டிலை சனமெல்லாம் வேலைக்கு வந்து வரிசையாய் நிக்கேக்கை கணக்கப்பிள்ளை அதை உரத்து வாசிச்சவர். சனம் நடுங்கிப் போச்சு. அரசாங்க முத்திரை, எங்கை பிறந்தது, எங்கை இருந்தது, எத்தினை மாசம்... பிரஜாவுரிமை விசாரணை எண்டு நினைச்சுதுகள். கணக்கப்பிள்ளை நல்ல மனுசன். ஒருத்தரும் பிழையாய்ச் சொல்லி மாட்டுப்படக் கூடாதெண்டு மூண்டு நாள் நிக்கவைச்சுப் பாடமாக்கினவர்."

கனகசுந்தரம் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனத்துக்கு நாடில்லாமல் போயிற்று. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள், குடும்பத்தோடு இடைவிடாமல் இந்தத் தீவிலேயே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். நடுவில் தாயும் பிள்ளையும் இந்தியாவில் கொஞ்சக் காலம் இருந்தார்கள் என்று தெரிந்தால் மனு போய்விடும். மனு போனால் இந்தியாவுக்குக் கப்பல். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தினமும் பேப்பர் படிப்பவர். அந்த விசாரணைக்காரன் கேட்கும் கேள்வியையே தானும் முத்திரை குத்தி அறுபது தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவி யோகமலரிடம் படிவத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் ஆசிரியை. படிவங்களில் பிழை பிடிப்பது அவளுக்குத் தொழில்.

"இதையோ அந்தச் சனத்துக்கு அனுப்பினீங்கள்?" என்றாள். "இதை வாசிக்க எனக்கே இப்ப மூட்டை கட்டவேணும் போலை கிடக்கு."

வரைபடம் மேசையில் விரிந்து கிடந்தது. தரையோடு படுத்திருந்த அந்தக் கோடு ஆயிரம் தாய்மாரின் பயம். அதை அவர் அழகான நீல மையால் கீறியிருந்தார்.

* * *

ஆனால் ஒன்று விளங்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் படிவத்துக்குப் பயந்தவைதான். பேச்சை நிறுத்தியவள் ஒருத்தி மட்டும் ஏன்?

மறுநாள் லண்டனில் வாங்கிய மரப்பொம்மைப் பெட்டியை எடுத்துப் போனார். தகப்பன், தாய், பிள்ளை, மாடு, பொலீஸ்காரன். பிள்ளை வாயால் சொல்லாததைக் கையால் சொல்லும் என்று பாடம். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுத் தூணோடு சாய்ந்து, தூங்குவதுபோல் இருந்தார்.

கருப்பம்மா வெகுநேரம் தொடவில்லை. பிறகு பெட்டியின் மூடியை எடுத்து மல்லாக்க வைத்தாள். தாய்ப் பொம்மையையும் பிள்ளைப் பொம்மையையும் அதற்குள் படுக்கவைத்தாள். அவருடைய முழங்காலில் கிடந்த கைக்குட்டையை மெல்ல உருவி அவற்றின்மேல் போர்த்தாள். பொலீஸ்காரனைத் தூரத்தில், முதுகு காட்டி நிறுத்தினாள். மூடியைச் சிமெந்துத் தரையில் மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினாள். இடப்பக்கம் ஆடியது, வலப்பக்கம் ஆடியது. ஒரு கையால் தள்ளும்போதே மற்றக் கையைக் கைக்குட்டைக்குள் விட்டு, பிள்ளைப் பொம்மையின் வாய்மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். தரை முடியும் இடம்வரை விரலை எடுக்கவேயில்லை.

அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த கனகசுந்தரத்துக்கு விளங்கிவிட்டது. கடல். தோணி. கரையில் காவல்.

வாசலில் நிழல் விழுந்தது. முதுகில் கொழுந்துக் கூடையோடு இராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் பார்த்துவிட்டாள். கூடையை இறக்காமலே உள்ளே வந்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, மூடியை மூடி, கைக்குட்டையை மடித்து மேலே வைத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். முகத்தில் ரத்தம் இல்லை. அவர் வாயைத் திறக்குமுன்பே, "ஆமாங்க," என்றாள்.

அந்தச் சொல்லை அதற்குமுன் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய உத்தியோகத்தில் அவர் செய்த முதல் நல்ல காரியம் அதுவாக இருக்கலாம்.

கேட்கவும் தேவையிருக்கவில்லை. இராக்கம்மா பிள்ளையோடு இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்குப் போயிருக்கிறாள். சாவோ நோயோ, ஏதோ ஒன்று. திரும்பி வரும் அனுமதிக்குத் தவணை கடந்திருக்கிறது. கள்ளத்தோணியில் மன்னார்க் கரைக்கு வந்திருக்கிறாள், பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு. வந்து சேர்ந்தபின் பிள்ளை வழக்கம்போலப் பேசிச் சிரித்துத் திரிந்திருக்கிறது. பிறகு பெரட்டில் பதினொன்றாம் கேள்வியை வாசித்திருக்கிறார்கள். எங்கே போனோம் என்று சொல்லாதே, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே, திறந்தால் அப்பாவைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று தாய் சொல்லிவைத்திருக்கிறாள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்தறியும் வயதில்லை ஏழு வயது. அதனால் அவள் கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் சேர்த்தே மூடிவிட்டாள். தகப்பனைக் காப்பாற்ற ஒரு சொல்லும் வெளியே விடாமல் மூன்று மாதம். சில்லுக்கு அடியில் கல் வைத்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்.

அவளைத்தான் பைத்தியம் என்று எழுதச் சொல்லிப் பத்திரம் காத்திருந்தது. மாதம் முடிய ஆறு நாள்.

* * *

அன்றே கொழும்புக்கு எழுதினார்: அனுப்பிய அறிக்கை முழுவதும் பிழை, பிழை என்னுடையது, தயவுசெய்து கிழித்துவிடவும். கொழும்பில் அதை ஒருவரும் இன்னும் பிரித்தே பார்க்கவில்லை என்று பதில் வந்தது. அவருடைய வாழ்க்கையில் அலட்சியம் அவருக்குச் செய்த பேருதவி அது.

கடிதம் போட்டு இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து சனம் லயத்துக்குத் திரும்பிய நேரத்தில், வெள்ளைக்கல் தோட்டத்துப் படிவங்கள் நூற்றுப் பன்னிரண்டையும் கட்டாகத் தூக்கிக்கொண்டு ஏழாவது காம்பராவுக்குப் போனார். சாட்சிக்குச் சரவணமுத்துவையும் இழுத்துப் போனார். அவர் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

கனகசுந்தரம் வானொலித் தமிழை விட்டார். ஊர்த் தமிழ் தானாக வந்தது.

"மாடசாமி, நான் விசாரணைக்காரன் இல்லை. இந்தக் கடுதாசி அரசாங்கம் கேட்டதுமில்லை. நான் கேட்டது. தாயை விட்டிருந்தால் பிள்ளையள் அழுமோ எண்டு அறியக் கேட்டனான். அழும் எண்டு ஆரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பினம். என்ரை மடத்தனம்."

"ஆமாங்க," என்றான் மாடசாமி, மரியாதையாக.

"உங்கட கடுதாசி இது. என்னட்டை வேறை பிரதி இல்லை. நீங்களே வைச்சிருங்கோ, கிழியுங்கோ, என்னவும் செய்யுங்கோ."

மாடசாமி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. சரவணமுத்துவிடம் நீட்டினான்.

"இது நம்ம பேருங்களாங்க, டாக்டரய்யா?"

சரவணமுத்து மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உன்ரை பேர்தான். கருப்பம்மா எண்டும் கிடக்கு."

மாடசாமி அதை நாலாக மடித்து அடுப்புக்குள் வைத்தான். நெருப்பு பிடித்து முடியும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருப்பம்மாவும் பார்த்தாள். வாசலில் பக்கத்துக் காம்பராக்காரி நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். ஒருவரும் கேட்கவில்லை. கைகளை மட்டும் நீட்டினார்கள். சரவணமுத்து ஒவ்வொரு பெயராக வாசித்து வாசித்துக் கொடுத்தார். கொடுத்து முடிந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகை என்றார்.

ஆனால் பிள்ளை பேசவில்லை. கனகசுந்தரம் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். எரிந்த தாள் சாம்பலாயிற்றே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சரவணமுத்து மெல்லச் சட்டைப்பையைத் தொட்டு, "இன்னும் நாலு நாள்தான், தம்பி," என்றார். மற்றவர்கள் கேட்காதபடி அவர் சொன்னாலும் இராக்கம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் பிள்ளையின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

கனகசுந்தரத்திடம் வித்தை எதுவும் மிச்சமில்லை. பொம்மையில்லை, படிவமில்லை. பேனையைக்கூட மூடிப் பையில் போட்டுவிட்டார். அடுப்படியில் கருப்பம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பத்து நாளாக எல்லாருடைய பதிலும் வேண்டுமென்று திரிந்தவருக்கு, இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தகுதி இருப்பதாகத் தோன்றியது.

"பிள்ளை, நான் இனிமேலும் இஞ்சை வரட்டோ?"

"வாங்கய்யா, வாங்க," என்றாள் இராக்கம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எப்ப வேணும்னாலும் வாங்க." மாடசாமியும், "ஆமாங்க," என்றான்.

"உங்களைக் கேக்கேல்லை, அம்மா. அவளைத்தான் கேக்கிறன்."

கருப்பம்மா தகப்பனைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அவருடைய வெறுங்கைகளை, ஒரு கை, மறு கை என்று பார்த்தாள். தொண்டை இரண்டு தரம் அசைந்தது. வெளியே வந்த குரல் கரகரத்து, நெடுநாள் திறக்காத கதவுபோல இருந்தது. ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. பத்திரத்தோடு வாசலில் நின்ற சரவணமுத்துவுக்கும் தெளிவாகக் கேட்டது.

"வேணாம். நீங்க வந்தா அம்மா அழுவுது."